வெள்ளிக்கிழமைத் தட்டில் ஒரு கண்ணாடி

அந்த ஆஸ்பத்திரியில் செல் பரிசோதனை அறை எங்கே என்று யாரைக் கேட்டாலும், சத்தம் வருகிற பக்கம் போங்கள் என்பார்கள். இரண்டே இரண்டு டாக்டர்கள் உட்கார்ந்து வேலை பார்க்கும் அறை அது. இரண்டு பேரும் பெண்கள், இரண்டு பேருக்கும் ஐம்பது தாண்டிவிட்டது, இரண்டு பேருக்கும் வாய் மூடாது. நடுவில் ஒரு மைக்ராஸ்கோப், அதற்கு இரண்டு தலை. எதிரெதிரே உட்கார்ந்து ஒரே கண்ணாடித் துண்டை ஒரே நேரத்தில் பார்க்கலாம். மேசைக்கு அடியில் முழங்காலும் முழங்காலும் இடிக்கும். காலை மடக்குடி என்பாள் ஒருத்தி. நீ மடக்கு, உனக்குத்தான் நீளம் என்பாள் மற்றவள். இப்படியே பல வருஷம் ஓடிவிட்டது.

வேலை என்னவோ சாதாரணமாகத்தான் தெரியும். நோயாளியின் கட்டியில் மெல்லிய ஊசியைக் குத்தி, வருகிற துளியைக் கண்ணாடித் துண்டில் தேய்த்து, சாயம் போட்டுக் கொண்டுவந்து கொடுப்பார்கள். அதில் இருக்கும் செல்களைப் பார்த்து, இது இன்ன நோய் என்று இவர்கள் சொல்ல வேண்டும். இவர்கள் எழுதும் ஒரு வரியை வைத்துத்தான் அங்கே மருந்தா, கத்தியா, வீட்டுக்குப் போகலாமா என்று முடிவாகும். ஒருத்தர் வயிற்றில் பாலை வார்ப்பதும் புளியைக் கரைப்பதும் அந்த ஒரு வரிதான். ஆனால் அந்த ஒருத்தரின் முகத்தை இவர்கள் பெரும்பாலும் பார்ப்பதே இல்லை.

இருவரில் ஒருத்திக்கு ஆஸ்பத்திரி வைத்த பெயர் தீர்ப்பு. கண்ணாடியை வைத்த வேகத்தில் சொல்லிவிடுவாள். சொன்னதை மாற்றிச் சொன்னதாகச் சரித்திரம் கிடையாது, மாற்ற வேண்டி வந்ததாகவும் கிடையாது. மற்றவளுக்குப் பெயர் சந்தேகம். ஒரே கண்ணாடியைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள், எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடியும் பார்ப்பாள். அவள் எழுதும் முடிவுகளில் பாதியில் 'சந்தேகத்துக்கு இடமாக உள்ளது' என்று ஒரு வரி இருக்கும். ஆபரேஷன் டாக்டர்கள் தலையில் அடித்துக்கொண்டு, தீர்ப்பம்மா இல்லையா என்று போன் போட்டுக் கேட்பார்கள். சந்தேகத்துக்கு அதில் கோபமெல்லாம் இல்லை. கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவள். மனசுவிட்டுப் பேச அவளுக்கு இருந்தது எதிர் நாற்காலிக்காரி ஒருத்திதான், அந்த ஒருத்தியே கெட்டிக்காரியாகவும் இருந்துவிட்டுப் போகட்டுமே என்று விட்டுவிட்டாள்.

தீர்ப்பு சிரித்தால் வாயின் வலது பக்கம் மட்டும் மேலே போகும். இடது பக்கம் 'நான் வரலை, நீ போயிட்டு வா' என்று அங்கேயே நிற்கும். புதிதாக வந்த இளம் டாக்டர்கள் அதைக் கிண்டல் என்று எடுத்துக்கொண்டு மூக்கைச் சிந்தியது உண்டு. கிண்டல் இல்லை என்று சொல்ல முடியாது, அவள் வாய்க்குக் கிண்டலும் பஞ்சமில்லை. ஆனால் அந்தக் கோணல் வேறு கணக்கு. கல்லூரி நாளில் இடது காதுக்குக் கீழே கடலை அளவுக்கு ஒரு கட்டி வந்து, அதை எடுத்தபோது முகத்து நரம்பு கொஞ்சம் நசுங்கிவிட்டது. காது ஓரமாகத் தலைமுடியில் மறைகிற ஒரு மெல்லிய தழும்பு இன்னும் இருந்தது. 'ஒண்ணுமில்லாத கட்டி. எடுத்துட்டு, ஃபீஸா என் சிரிப்புல பாதியை வாங்கிக்கிட்டாங்க' என்று பழகின முதல் வாரமே சொல்லியிருந்தாள். சந்தேகம் அதைக் கேட்டுச் சிரித்ததோடு சரி. கூடவே இருப்பவர் முகத்தில் இருப்பது எப்போது கண்ணில் பட்டிருக்கிறது?

வெள்ளிக்கிழமை மத்தியானம் வேலை ஓய்ந்ததும் அந்த அறையில் ஒரு பரீட்சை நடக்கும். ஒருத்தி வம்பு பிடித்த கண்ணாடிகளாகப் பொறுக்கி, எண்ணும் பெயரும் தெரியாமல் வெள்ளைப் பிளாஸ்திரி ஒட்டி, அட்டைத் தட்டில் அடுக்கிக் கொடுப்பாள். மற்றவள் பார்த்துச் சொல்ல வேண்டும். ஒரு கண்ணாடிக்கு மூன்று கேள்விதான் கேட்கலாம். ஒன்று தப்பினாலும் சொன்னவள் டீ வாங்க வேண்டும், எல்லாம் சரியாக இருந்தால் தட்டு வைத்தவள் வாங்க வேண்டும். இத்தனை வருஷத்தில் சந்தேகம் வாங்கிக் கொடுத்த டீயை ஊற்றினால் ஒரு குளம் நிரம்பும். பிளாஸ்திரி ஒட்டுவது தீர்ப்பு கண்டுபிடித்த சட்டம். பேர் தெரிஞ்சா கண் கெட்டுப்போயிடும் என்பாள். நமக்கு வேண்டியவங்க கண்ணாடின்னு தெரிஞ்சா, நல்லது மட்டும்தான் தெரியும், இல்லாட்டி கெட்டது மட்டும்தான் தெரியும், உள்ளது தெரியாது என்பாள்.

இப்படி இருந்தவளுக்கு இருமல் வந்தது. இருமலைத் தூசி என்றாள், ஏசி என்றாள், வாய் ஓயாமல் பேசுகிற தொழில் என்றாள். கடைசியில் சந்தேகம்தான் கையைப் பிடித்துத் தரதரவென்று எக்ஸ்ரே அறைக்கு இழுத்துப் போனாள். படத்தில் இரண்டு நுரையீரலிலும் உருண்டை உருண்டையாக நிழல்கள் இருந்தன. நெஞ்சு டாக்டர் படத்தை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். நல்ல மனிதர், இளையவர், இந்த இரண்டு பேரிடமும் பயந்த மரியாதை உள்ளவர். முன்னால் ஏதாவது பெரிய வியாதி உண்டா என்று கேட்டார். கோபம் ஒன்றுதான் என்றாள் தீர்ப்பு. பழைய கதை எதையும் விசாரிக்காமல் வெறும் இருமல் என்று எழுதி அனுப்புகிற டாக்டர்களைக் கிழி கிழியென்று கிழிக்கிறவள், தன் கதை என்று வந்தபோது காதுக்குக் கீழே இருந்த அந்தக் கடலையை நினைக்கவே இல்லை. மறைக்கவில்லை, அது அவளுக்கு ஒரு வியாதியாகவே படவில்லை.

ஸ்கேன் அறையில் படுக்க வைத்து, படத்தைப் பார்த்துப் பார்த்து ஊசியை விட்டார்கள். சந்தேகம் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். துளியைக் கண்ணாடியில் தேய்க்க நின்றவர் அவர்களோடேயே இத்தனை காலம் இருந்த சாயக்காரர். எத்தனையோ ஆயிரம் கண்ணாடி தேய்த்த கை, அன்றைக்குப் பார்த்து உதறியது. வழக்கம் என்னவென்றால், பாதிக் கண்ணாடியை அப்போதே ஆல்கஹாலில் போட வேண்டும், பாதியைக் காற்றில் காய விட வேண்டும். இரண்டுக்கும் இரண்டு வகைச் சாயம், ஒன்றில் தெரியாதது மற்றதில் தெரியும். சாயக்காரர் தீர்ப்பின் முகத்தைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் ஆல்கஹாலுக்குள் போட்டுவிட்டார். யாரோ முன்பின் தெரியாத ஆளாக இருந்திருந்தால் அந்தப் பிசகு நடந்திருக்காது. ஒரே ஒரு கண்ணாடி மட்டும் டிராலியின் ஓரத்தில், பஞ்சுக்குப் பின்னால், கவனிப்பாரில்லாமல் கிடந்து தானாகக் காய்ந்தது.

ஆல்கஹால் கண்ணாடிகள் முதலில் வந்தன. தீர்ப்பை வீட்டுக்கு அனுப்பிவிட்டுச் சந்தேகம் தனியாக உட்கார்ந்து பார்த்தாள். சின்னச் சின்னக் கறுத்த செல்கள், இடமே இல்லாமல் ஒன்றன்மேல் ஒன்று நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. நுரையீரலில் பிறந்து காட்டுத்தீயாகப் பரவுகிற ஒரு கேன்சர் உண்டு. அது இப்படித்தான் இருக்கும். அது வந்தால் மாதக் கணக்குத்தான். நெஞ்சு டாக்டர் எதிர்த் தலையில் கண்ணை வைத்துப் பார்த்தார், பெருமூச்சு விட்டார், திங்கட்கிழமையே கடுமையான மருந்தை ஆரம்பித்துவிடலாம், இது காத்திருக்காது என்றார். அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை.

அவர் போன பிறகுதான் சாயக்காரர் தயங்கித் தயங்கி வந்து, பஞ்சுக்குப் பின்னால் கிடந்த கண்ணாடியை நீட்டினார். இதை விட்டுவிட்டேன், மன்னிச்சுக்கங்க என்றார், அழுதுவிடுவார் போல இருந்தது. காய்ந்த கண்ணாடிக்குப் போடும் நீலச் சாயத்தை அதற்குப் போட்டிருந்தார். சந்தேகம் அசிரத்தையாகத்தான் வைத்தாள். முதலில் அதே கறுத்த செல்கள். கண்ணாடியை ஓரத்துக்கு நகர்த்தினாள். அங்கே ரோஜா நிறத்தில் உருண்டைகள் இருந்தன. பெரிசும் சிறிசுமாக, வழுவழுவென்று, மணி கோத்த மாதிரி. ஒவ்வொரு உருண்டையைச் சுற்றியும் அந்தக் குட்டிச் செல்கள் வட்டம் கட்டி நின்றன.

அவளுக்குத் தெரியும் இது என்ன என்று. எச்சில் சுரப்பியில் வரும் ஒரு வகைக் கேன்சர், இப்படி உருண்டை உருண்டையாகச் சுரந்து வைத்துக்கொண்டு அதைச் சுற்றி உட்கார்ந்திருக்கும். அதற்கு அவசரமே கிடையாது. கட்டியை எடுத்துப் போட்டு எல்லாரும் மறந்துபோன பிறகு, பத்து வருஷமோ இருபதோ முப்பதோ கழித்து நுரையீரலில் வந்து குடியேறும். வந்த பிறகும் புது வீட்டுக்கு வந்தவன் மாதிரி நிதானமாகத்தான் சாமான் இறக்கும். அதை அடியோடு விரட்டுவது கஷ்டம். ஆனால் அதோடு வருஷக்கணக்கில் வாழலாம். நெஞ்சு டாக்டர் சொன்ன கடுமையான மருந்து அதற்குப் பெரிதாக ஒன்றும் செய்யாது, உடம்பை மட்டும் உருக்கிவிட்டுப் போகும். எச்சில் சுரப்பியில் பெரியது எங்கே இருக்கிறது? காதுக்குக் கீழே. சந்தேகத்தின் கண்ணுக்குள் அந்தத் தழும்பு வந்து நின்றது.

சந்தோஷத்தில் எழுந்தவள் எழுந்த வேகத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். அவள் பெயர் சும்மாவா வந்தது. உருண்டையைப் பார்த்துத் தழும்பு நினைவுக்கு வந்ததா, இல்லை உள்ளுக்குள் எங்கேயோ தழும்பை நினைத்துக்கொண்டு உருண்டையைப் பார்த்தோமா? சாயம் திரண்டு நின்றாலும் இப்படித் தெரியும்தானே? இவள் போகக் கூடாது, போகக் கூடாது என்று காலையில் இருந்து ஜபிக்கிற மனசு, கண்ணுக்கு ஆசை காட்டுகிறதோ? மறுபடி பார்த்தாள். ரோஜாவாகவே தெரிந்தது. தண்ணீர் குடித்துவிட்டு வந்து பார்த்தாள். இன்னும் ரோஜாவாகத் தெரிந்தது. அவளுக்கு அவள் கண்ணின்மேலேயே நம்பிக்கை போய்விட்டது.

நெஞ்சு டாக்டரிடம் போய்ச் சொல்லத்தான் செய்தாள். வேறு மாதிரி இருக்குமோ என்று சந்தேகமாக இருக்கிறது என்றுதான் அவளுக்குச் சொல்ல வந்தது, வேறு எப்படிச் சொல்லிப் பழக்கம். அவர் கண்ணாடியை வாங்கிப் பார்த்தார். ஓரத்தில் கொஞ்சம்தான் இருக்கிறது, மற்றதெல்லாம் வேறு கதை சொல்கிறதே என்றார். பிறகு மிக மெதுவாக, குத்திக்காட்டாமல் சொன்னார்.

"அவங்க உங்க உயிர் சிநேகிதி. உங்க இடத்துல நான் இருந்தாலும் எனக்கு அப்படித்தான் தெரியும் டாக்டர்."

அது சரியாகப் போய்த் தைத்தது. வெளியூரில் இருந்த பெரிய நிபுணருக்கு எல்லாக் கண்ணாடிகளையும் அனுப்பலாம், பதில் வர அடுத்த வாரம் ஆகிவிடும், அதுவரை மருந்தைத் தள்ளிப்போடத் தனக்குத் தைரியம் இல்லை என்றார். வேகமான நோயாக இருந்து தள்ளிப்போட்டால் அதுவும் பாவம்தானே. சந்தேகம் எல்லாவற்றையும் கட்டி அனுப்பினாள். காய்ந்த கண்ணாடியைப் படம் எடுத்து அதோடு வைத்துவிட்டு, கண்ணாடியை மட்டும் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். எதற்கென்று அப்போது அவளுக்கே தெரியவில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் அவள் தீர்ப்பின் வீட்டுக்குப் போனாள். வேகமாகப் பரவுகிற நோய், திங்கட்கிழமை மருந்து என்று நெஞ்சு டாக்டர் அதற்குள் அவர்களிடம் சொல்லிவிட்டிருந்தார். போனால் அங்கே சமையலறையில் பள்ளிக்கூடம் நடந்துகொண்டிருந்தது. தீர்ப்பின் கணவர் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். ஊரில் பாதிப் பேருக்குக் கிளட்சும் கியரும் சொல்லிக் கொடுத்தவர், அன்றைக்குக் குக்கர் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு திருதிருவென்று முழித்தார். தீர்ப்பு வாசல் பக்கமாக நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, அதட்டிக்கொண்டிருந்தாள். மூடியை இந்தப் பக்கம் திருப்புங்க, அந்தப் பக்கம் இல்ல, இண்டிகேட்டர் போடாம திரும்பறீங்க பாருங்க என்று அவர் பாஷையிலேயே அவரைத் திட்டினாள். அவரும் அடக்கமான மாணவனாக எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். நெற்றி வியர்வையைத் துடைக்கிற சாக்கில் கண்ணையும் துடைத்துக்கொண்டார்.

சந்தேகத்தைப் பார்த்ததும் தீர்ப்பு உள்ளே போய் ஒரு மெத்தையை எடுத்து வந்தாள். ஆஸ்பத்திரி நாற்காலியில் அவள் போட்டுக்கொள்ளும் மெத்தை, யாரையும் தொட விடமாட்டாள். துவைத்து வைத்திருந்தாள். இந்தா, இனிமே இது உனக்கு, உன் இடுப்பு என்னைவிட மோசம் என்றாள். சந்தேகம் அதை வாங்காமல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். என் கண்ணாடி எங்கேடி, நான் ஒரு தடவை பார்க்கறேன் என்று தீர்ப்பு கேட்டதற்கு, எல்லாம் வெளியூருக்குப் போயாச்சு, சொந்தக் கண்ணாடியைச் சொந்தக்காரி பார்க்கக் கூடாதுன்னு சட்டம் போட்டது யாரு, நீதானே என்றாள். தீர்ப்பு வலது பக்கம் மட்டும் சிரித்துவிட்டு, அது என்னவோ நிஜம்தான், என் சட்டம் எனக்கே வருது பாரு என்றாள்.

கிளம்பும்போது கணவர், அந்தக் கார் வாத்தியார், வாசல்வரை வந்தார். உள்ளே கேட்காமல் மெதுவாகப் பேசினார்.

"நீங்க பொய் சொல்ல மாட்டீங்க. எவ்வளவு நாள் இருப்பா?"

தெரிஞ்சதும் முதல்ல உங்ககிட்டதான் சொல்வேன் என்று சந்தேகம் ஏதோ உளறிவிட்டுத் தெருவில் இறங்கினாள். தெரு முழுக்க யோசித்துக்கொண்டே நடந்தாள். தன் கண் நம்ப முடியாத கண்ணாகிவிட்டது. நெஞ்சு டாக்டருக்குத் துணிச்சல் இல்லை. நிபுணரின் பதிலோ மருந்து ஏறின பிறகுதான் வரும். இந்த ஊரில் இதைப் பார்த்து அடித்துச் சொல்லக்கூடிய கண் ஒன்றே ஒன்று உண்டு. அந்தக் கண்ணுக்குத் தன் கண்ணாடி என்று தெரிந்தால் அதுவும் கெட்டுப்போகும். தெரியாவிட்டால்? நடுத்தெருவில் நின்றுவிட்டாள். பின்னால் வந்த சைக்கிள்காரர் மணி அடித்து ஓய்ந்து சுற்றிக்கொண்டு போனார். திருட்டுத்தனம்தான். ஆனால் வேறு வழி அவளுக்குத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை தீர்ப்பு வேலைக்கு வந்துவிட்டாள். திங்கட்கிழமை படுக்கப் போகிறேன், அதுவரை சும்மா வீட்டில் அவரை மிரட்டிக்கொண்டு இருக்க முடியாது என்றாள். மத்தியானம் வேலை ஓய்ந்ததும் அவளே கேட்டாள், தட்டு எங்கே என்று. இந்த வாரம் வைக்கிற முறை சந்தேகத்தினுடையது. அவள் தட்டை எடுத்து வைத்தபோது கண்ணாடிகள் கிணுகிணுத்தன. என்னடி கை, சாயக்காரர் மாதிரி என்றாள் தீர்ப்பு.

முதல் கண்ணாடி வைத்த உடனே சொல்லிவிட்டாள், தைராய்டு, கெட்டது இல்லை. இரண்டாவது நெறிகட்டி, காசநோய், கேள்வியே வேண்டாம். மூன்றாவதில் சந்தேகம் வேண்டுமென்றே வைத்த பொறியை ஒரு கேள்வியில் உடைத்தாள். நடுவில் இருமல் வந்து முதுகு குலுங்கியது, கையால் பொறு பொறு என்று சைகை காட்டிவிட்டு மறுபடி குனிந்தாள். நான்காவதும் முடிந்தது. டீக்குக் காசு எடுத்து வெச்சியா என்று கேட்டுக்கொண்டே ஐந்தாவதை எடுத்து வைத்தாள். எதிர்த் தலையில் சந்தேகமும் கண்ணை வைத்தாள்.

எங்கே குத்தினது என்பது முதல் கேள்வி. நுரையீரல் என்றாள் சந்தேகம். குரல் பிசிறியதை மறைக்கத் தண்ணீரைக் குடித்தாள்.

வைத்த வேகத்தில் சொல்கிறவள் இதில் பேசவில்லை. கண்ணாடியைத் தள்ளிக்கொண்டே போனாள். இடத்தைச் சுட்டிக்காட்ட மைக்ராஸ்கோப்புக்குள் இரண்டு பேருக்கும் தெரிகிற குட்டிப் பச்சை அம்பு கறுத்த செல்களுக்கு நடுவே ஊர்ந்துகொண்டே போய், ஓரத்தில், ஒரு ரோஜா உருண்டையின்மேல் நின்றது.

"அட," என்றாள் தீர்ப்பு. "இதை ஆல்கஹால்ல போடாம காய விட்டது யாருடி? புண்ணியவான். போட்டிருந்தா இந்த உருண்டையெல்லாம் வெளுத்துப்போயிருக்கும். காட்டுத்தீன்னு எழுதி அனுப்பியிருப்போம்."

சந்தேகம் கண்ணை எடுக்காமல் அந்த அம்பையே பார்த்தாள்.

"இது நுரையீரல்ல பொறந்ததே இல்ல. எச்சில் சுரப்பியில இருந்து வந்து குடியேறினது. உருண்டையைச் சுத்தி எப்படி வட்டம் கட்டி நிக்குது பாரு. வயசு என்ன?"

"நம்ம வயசுதான்."

"அப்போ போய்ச் சொல்லு, மூட்டை கட்ட வேண்டாம்னு. இது விட்டுட்டுப் போகாது, ஆனா அவசரப்படவும் செய்யாது. மெல்லச் சமாளிச்சுக்கிட்டு வருஷக்கணக்கா இருக்கலாம். பத்து வருஷம் தாண்டினவங்களை நானே பார்த்திருக்கேன்." கண்ணை எடுக்காமலே கண்ணாடியை இன்னும் கொஞ்சம் தள்ளினாள். பிறகு மெதுவாக, "கொடுத்து வெச்ச ஆளுடி" என்றாள்.

அந்த வார்த்தையில் பொறாமை இருந்தது. ஒளிக்காத, சின்னப் பொறாமை. இத்தனை வருஷத்தில் தீர்ப்பு யாரைப் பார்த்தும் பொறாமைப்பட்டுச் சந்தேகம் கேட்டதில்லை.

மூன்றாவது கேள்வியைத் தீர்ப்பு சும்மா ஒரு முறைக்காகக் கேட்டாள், தனக்குத் தெரிந்ததை ஊர்ஜிதம் பண்ணிக்கொள்வதற்காக. முன்னால் எங்கேயாவது கட்டி எடுத்திருக்கிறார்களா, வாயிலோ, தாடைக்கு அடியிலோ, காதுக்குக் கீழேயோ என்றாள். சந்தேகம் எழுந்து மேசையைச் சுற்றி வந்து, குனிந்திருந்தவளின் தலைமுடியை ஒதுக்கி, இடது காதோரம் இருந்த தழும்பின்மேல் விரலை வைத்தாள்.

என்னடி, ஏதாவது ஒட்டியிருக்கா என்றாள் தீர்ப்பு. விரல் அங்கேயே இருந்தது. அப்புறம்தான் அவளுக்கு உறைத்தது. மைக்ராஸ்கோப்பில் இருந்து கண்ணாடியை உருவி எடுத்தாள். வெள்ளைப் பிளாஸ்திரியை நகத்தால் சுரண்டி உரித்தாள். கீழே சாயக்காரரின் கோணல் கையெழுத்தில் அவளுடைய பெயர் இருந்தது.

என் கண்ணாடியை எனக்கே பரீட்சை வெச்சியா, திருடி என்றாள். ஆமாம் என்றாள் சந்தேகம். இருவரும் சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. தீர்ப்பு கண்ணாடியைத் திரும்ப வைத்து, மறுபடி குனிந்தாள். இந்த முறை வெகுநேரம் பார்த்தாள். அம்பு உருண்டைகளின்மேல் தடுமாறித் தடுமாறிப் போயிற்று.

"இது உருண்டைதானா? சாயம் திரண்டு நிக்குதோ? ஓரத்துல மட்டும்தானே இருக்கு." அவள் நிமிர்ந்தாள். முகம் சின்னக் குழந்தை முகமாக இருந்தது. "எனக்கு ஒண்ணும் புரியலடி. நீ சொல்லு."

சந்தேகம் தண்ணீர் குடிக்கப் போகவில்லை. கண்ணாடியை இன்னொரு முறை பார்க்கவும் இல்லை.

"பேர் தெரியாதப்ப நீ சொன்னதுதான் சொன்னது. நானும் அதைத்தான் பார்த்தேன். அதுதான். வேற எதுவும் இல்ல. நீ எங்கேயும் போகல."

அப்போதுதான் தீர்ப்புக்கு அழுகை வந்தது. சந்தேகம் அவள் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துக் கட்டிக்கொண்டாள். வெளியே யாரோ கதவைத் திறந்து பார்த்துவிட்டு, சத்தம் இல்லாத அந்த அறையைக் கண்டு பயந்து மூடிக்கொண்டு போனார்கள்.

அழுகைக்கு நடுவே தீர்ப்பு தன் அப்பாவைப் பற்றிச் சொன்னாள். ஆபரேஷன் முடிந்து, ஒண்ணுமில்லாத கட்டி என்று அவளிடம் சொன்னவர் அவர்தான். அந்தக் காலத்தில் கல்யாணம் ஆகாத பெண்ணிடம் யார் எதை முழுதாகச் சொன்னார்கள்.

"சாகறவரைக்கும், எப்ப என்னைப் பார்க்க வந்தாலும் முதல்ல காதுக்குக் கீழ தடவிப் பார்ப்பார்டி. செல்லம் கொஞ்சறார்னு நினைச்சேன்."

"செல்லம்தான்" என்றாள் சந்தேகம்.

பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு இருவருமாக நெஞ்சு டாக்டரிடம் போனார்கள். தீர்ப்பு காதோரத்து முடியை ஒதுக்கிக் காட்டி, என் வாயும் மறந்தது, நீங்களும் என் சிரிப்பைப் பார்த்துக் கேட்கலை, ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரு மார்க் குறைச்சுக்கலாம் என்றாள். கட்டி எடுத்த கதையைக் கேட்டதும் அவர் நாற்காலியைவிட்டு எழுந்தே விட்டார். காய்ந்த கண்ணாடியை எடுத்து மறுபடி பார்த்தார், இந்த முறை ஓரத்தைப் பார்த்து ஓரம் என்று சொல்லவில்லை. திங்கட்கிழமை மருந்தை நிறுத்தி வைத்தார். அடுத்த வாரம் வெளியூர் நிபுணரும் அதையே எழுதினார், அதற்குள் அது பழைய செய்தியாகிவிட்டது.

சொன்ன வாக்கு ஒன்று இருந்ததால், டாக்டரின் அறையைவிட்டு வெளியே வந்ததும் சந்தேகம் கார் வாத்தியாருக்குப் போன் போட்டாள். அவர் காரைத் தெரு ஓரமாக நிறுத்திவிட்டுத்தான் எடுத்தார், கற்றுக்கொள்ள வந்த பெண் பின்னால் நின்ற லாரிக்குப் பயந்து ஏதோ கேட்பது போனில் கேட்டது. சந்தேகம் ஒரு தடவைகூடச் சந்தேகம் என்ற வார்த்தை வராமல் எல்லாவற்றையும் சொன்னாள். முழுதாகப் போகாது, கூடவே இருக்கும், ஆனால் அவளும் இருப்பாள், நிறைய வருஷம் இருப்பாள் என்றாள். அந்தப் பக்கம் லாரி ஹாரன் அடித்தது. கடைசியில் அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, அப்போ இனிமே அந்தக் குக்கர் வேண்டாமே, அதை நிறுத்திடலாமே என்றார்.

தீர்ப்பு போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

"நிறுத்தறதா? நல்லாக் கத்துக்கங்க. நான் இருந்து சாப்பிடணும்."